பிள்ளையார் இருந்த அறை

அன்று மாலை அபிராமபுரத்து ஃபிளாட்டின் கார் நிறுத்துமிடத்தில் வந்து உட்கார்ந்திருந்தவர்கள்: அசோசியேஷன் செக்ரட்டரி, பேங்க்கிலிருந்து ஓய்வு பெற்றவர். பொருளாளர், அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். என் அம்மா வேலை செய்யும் மூன்றாம் மாடி வீட்டு மாமி. இரண்டாம் மாடியில் குடியிருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர். அவர் மடியில் லேப்டாப் திறந்தபடியே இருந்தது. இன்னும் ஏழெட்டு வீட்டுக்காரர்கள். கேட்டை ஒட்டி வாட்ச்மேன் நின்றிருந்தார். தூணை ஒட்டி நான்.

வராதவர்கள்: என் அம்மா. அம்மாவைப் போல அதே கட்டடத்துக்கு வீட்டு வேலைக்கு வரும் மற்ற பெண்கள். பேச இருந்த விஷயம் முழுக்க அவர்களைப் பற்றியது. காலையிலிருந்து மதியம் வரை அங்கே வேலை செய்யும் அந்தப் பெண்கள் ஒண்ணுக்குப் போக அந்தக் கட்டடத்தில் ஓர் இடம் வேண்டும் என்பதுதான் விஷயம். அவர்களை வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வாருங்கள் என்றும் அசோசியேஷனில் யாரும் சொல்லவில்லை.

யார் இருந்தார்கள், யார் இல்லை என்று முதலில் பார்ப்பது எனக்குப் படிப்பினால் வந்த பழக்கம். நான் வரலாறு எம்.ஏ. படிக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள் நான்தான். அப்பா மீன்பாடி என்கிற மூன்று சக்கரச் சுமை வண்டி ஓட்டியவர். நான் சின்ன வகுப்பில் இருந்தபோதே போய்விட்டார். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அதுவும் நான் சொல்லிக்கொடுத்தது. கல்லூரியில் மனித உரிமைகளின் வரலாறு என்று ஒரு தாள் உண்டு. மனிதர் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட கனவான்களில் பலர் வீட்டில் விலைக்கு வாங்கிய அடிமைகள் இருந்தார்கள். ராஜாவைத் தள்ளிவிட்டுக் குடிமக்களின் உரிமைகளை ஊரறியச் சொன்ன தேசத்தில், பெண்கள் ஓட்டுப் போட நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்தார்கள். பெரிய யுத்தம் முடிந்து உலக நாடுகள் கூடி உரிமைகளை எழுதியபோது, அந்த மண்டபத்தில் ஆப்பிரிக்காவின் பெரும்பகுதிக்கு நாற்காலியே கிடையாது. எழுதியவர்கள் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. நல்லவர்கள். நல்ல வாக்கியம் எழுதினார்கள். அந்த வாக்கியம் தங்கள் வீட்டுச் சமையற்கட்டுக்குள்ளும் வரும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

பரீட்சைக்காகத்தான் இதையெல்லாம் படித்தேன். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த பிறகு வேறு மாதிரிப் படிக்க ஆரம்பித்தேன்.

குளிர் நடுக்கத்தோடு வந்த காய்ச்சல். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அம்மாவால் நிமிரவே முடியவில்லை. அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். அங்கிருந்த டாக்டரம்மா என்னைவிட இரண்டு மூன்று வயதுதான் மூத்தவராக இருப்பார்.

"ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பீங்கம்மா?"

"குடிப்பேன் டாக்டர்."

"அதான் எவ்ளோ?"

"வூட்டுக்கு வந்தா குடிப்பேன்."

"வேலை செய்யற இடத்துல?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நீ வெளில நில்லு நைனா."

வெளியே நின்றேன். அங்கே கதவு கிடையாது, பச்சைத் துணித் திரைதான். பேசியது எல்லாம் கேட்டது.

"தண்ணி குடிச்சா வருதுல்ல டாக்டர். வந்தா எங்க போறது? அதனால குடிக்கிறதில்ல. பழகிப்போச்சு."

"வேலை செய்யற வீட்டுல பாத்ரூம் இல்லையா?"

"கீது. மூணு வூட்லயும் கீது. நாந்தான் கழுவுறேன்."

பிறகு டாக்டர் நிதானமாகச் சொன்னார். "ரெண்டாவது தடவையா கிட்னி வரைக்கும் ஏறியிருக்கும்மா. அடக்கி அடக்கித்தான் இது வருது. மாத்திரை தர்றேன், சரியாயிடும். ஆனா இப்படியே இருந்தீங்கன்னா அடுத்த தடவை மாத்திரையில நிக்காது. கிட்னி போயிடுச்சுன்னா திரும்ப வராது. புரியுதா?"

இரண்டாவது தடவை. முதல் தடவை வந்தது எனக்குத் தெரியவே தெரியாது. மருந்துக் கடையில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். மத்தியகைலாஷ் சிக்னலில் பஸ் நின்றபோது கேட்டுவிட்டேன்.

"மூணு வூட்லயும் நீதான கழுவுற. அங்கியே போவ வேண்டிதுதான?"

"அது அவங்க வூட்டு கக்கூஸ்டா."

"போவக்கூடாதுன்னு சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல."

"அப்பறம் இன்னா?"

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. "உங்க காலேஜுல பெஞ்சு தொடைக்குதே ஆயா, அது பெஞ்சுல குந்திக்கினு பாடம் கேக்குதா?"

வேளச்சேரி தாண்டும்வரை மாத்திரைச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தேன்.

முன்பு நாங்கள் அடையாற்றங்கரையில் இருந்தோம். தகரக் கூரை, நாலு வீட்டுக்குச் சேர்த்து ஒரு மறைவிடம். அங்கிருந்து அபிராமபுரம் நடக்கிற தூரம். ஒரு வீட்டு வேலை முடிந்து அடுத்த வீடு தொடங்கும் இடைவெளியில் அம்மா வேகமாக வந்து போய்விடுவாள். ஆற்றோரத்தைக் காலி செய்து எங்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அடுக்குமாடியில் வீடு கொடுத்தார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக எங்களுக்கென்று, எங்கள் கதவுக்கு உள்ளே, ஓடு பதித்த ஒரு கக்கூஸ் கிடைத்தது. குடிபோன அன்று அம்மா அதைத் திறந்து திறந்து பார்த்தாள். ஆனால் வேலை பழைய இடத்திலேயேதான். விடியும் முன் பஸ் பிடித்து, அடையாறில் இறங்கி மாறி, அங்கே போய்ச் சேர வேண்டும். திரும்பி வர மாலையாகிவிடும். அவளுக்குத் தேவைப்படும் பகல் முழுக்க எங்கள் கக்கூஸ் பூட்டிய வீட்டுக்குள் சும்மா கிடந்தது.

மந்தைவெளி மார்க்கெட் பக்கம் ஒரு பொதுக் கழிப்பிடம் உண்டு. போய்வருவதற்குள் மூன்றாம் மாடியில் பாத்திரம் காய்ந்துவிடும்; அதற்கு ஒரு சொல் வரும். பல நாள் அங்கே தண்ணீரும் இருக்காது. உடன் வேலை செய்யும் ஓர் அக்கா, முதல் மாடி வீட்டில் ஒருமுறை வாய்விட்டுக் கேட்டிருக்கிறார். "கீழே எங்கயாவது இருக்கான்னு பாரும்மா" என்று பதில் வந்ததாம். கீழே எங்கும் இல்லை. அதோடு யாரும் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் குடிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அது அவர்களுக்குள் ஒரு வழக்கமாகிவிட்டது. புதிதாக வேலைக்கு வரும் பெண்ணுக்கு விம் எங்கே, துடைப்பம் எங்கே என்று சொல்லிக்கொடுப்பது போல இதையும் சொல்லிக்கொடுப்பார்கள்: "காப்பி குடுத்தா பாதி குடி. போதும்."

மூன்றாம் மாடி மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் பள்ளிக்கூடப் புத்தகங்களில் பாதி அவர் வாங்கிக் கொடுத்தவை. பன்னிரண்டாம் வகுப்பில் தேறியபோது எனக்கென்று தனியாக ஒரு டப்பாவில் லட்டு அனுப்பினார். அம்மாவுக்குக் காலையில் இட்லி, தோசை எதுவானாலும் சூடாகக் கொடுப்பார். அந்தத் தட்டும் தம்ளரும் ஃபிரிட்ஜுக்கு மேல் தனியாக இருக்கும். இரண்டும் ஒரே ஆளின் கைதான். இதை எழுதும்போது எனக்குக் கோபம் இல்லை. அவரைப் பற்றி உள்ளதை எழுதினால் இரண்டையும் எழுத வேண்டியிருக்கிறது.

வாரம் ஒருமுறை பழைய ஆங்கிலப் பேப்பர்களை எடுத்துக்கொள்ள நான் அவர் வீட்டுக்குப் போவேன். போகாதே, பேசாதே, வேலை பூடும் என்று அம்மா எவ்வளவோ சொன்னாள். போனேன். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். மாமி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"அவ எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்லையேடா."

"சொல்ல மாட்டாங்க மாமி."

"நான் வேண்டாம்னா சொல்லியிருக்கேன்?"

"இல்ல மாமி."

"நான் கேட்டதும் இல்லை, இல்லையா?" என்று அவரே சொல்லிக்கொண்டார். உள்ளறையைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "இங்கேயே போயிக்கட்டும், எனக்கு ஒண்ணுமில்லை. ஆனா இவரோட அக்கா இருக்கா பாரு. எண்பத்தஞ்சு வயசு. மடி, ஆசாரம். தெரிஞ்சா அன்னிக்கே சாப்பிட மாட்டேன்னு படுத்துண்டுடுவா. அவளை இனிமே எங்கே போய் மாத்தறது?"

வீட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னபோது அவள் மாமியின் பக்கம் பேசினாள். "எனக்கும் அங்க வராதுடா. மாமி வெளில நின்னுக்கினு இருக்கும், நான் உள்ள குந்திக்கினு இருப்பனா? வரவே வராது." சொல்லிவிட்டுச் சிரித்தாள். பிறகு, "கீழ ஒரு எடம் இருந்தா போதும்" என்றாள். அம்மா எதையாவது வேண்டும் என்று சொல்லி நான் கேட்டது மிகக் குறைவு.

கீழே இடம் இருந்தது. அதை எனக்குச் சொன்னவர் வாட்ச்மேன். மோட்டார் அறைக்குப் பக்கத்தில் பூட்டிய கதவு ஒன்று உண்டு. அசோசியேஷன் சாமான் அறை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள்.

"அது கக்கூஸ்தான் தம்பி. டிரைவருங்களுக்குன்னு பில்டரு கட்டி வுட்டது. ஒரு ஆளு போனதில்ல. சும்மா கெடக்குதேன்னு கொலு சாமான வெச்சிட்டாங்கோ."

அந்தக் கட்டடத்தில் நவராத்திரிக்குக் கார் நிறுத்துமிடத்திலேயே பொதுக் கொலு வைப்பார்கள். பெரிய படிகள், பெட்டி பெட்டியாகப் பொம்மைகள். வேலைக்கு வரும் பெண்களுக்கும் வெற்றிலை பாக்கும் சுண்டலும் உண்டு. வாட்ச்மேன் கதவைத் திறந்து காட்டினார். தரையில் பலகை, பலகைக்குக் கீழே பீங்கான். பலகை மேல் படிகளைப் பிரித்து அடுக்கி, அதன் மேல் பொம்மைப் பெட்டிகள். சுவரோரத்தில் குழாய் வரும் இடத்துக்கு நேர் மேலே, காவித்துணி சுற்றிய ஒரு முழ உயரப் பிள்ளையார். வருஷம் முழுக்க அங்கேதான் இருக்கிறார். செக்ரட்டரி வெள்ளிக்கிழமைதோறும் கதவுக்கு வெளியே ஓர் ஊதுவத்தி ஏற்றி வைப்பார் என்றும் வாட்ச்மேன் சொன்னார்.

கூட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டது மாமிதான். "நீயே வந்து பேசு. படிச்சவன். நான் சொன்னா இதுக்கெல்லாம் ஒரு மீட்டிங்கான்னுடுவா."

அம்மாவையும் கூப்பிட்டுப் பார்த்தேன். "நான் இன்னாத்துக்குடா? அத்தினி ஆம்பளைங்க மூஞ்சியப் பாத்துக்கினு ஒண்ணுக்குப் போறதப் பத்திப் பேசுவாங்களா எவளாவது?" என்று மறுத்துவிட்டாள்.

ஆகவே நான் பேசினேன். இரண்டு நாள் தயார் செய்திருந்தேன். அடிமைக் கப்பல்களில் தொடங்கினேன். ஓட்டுரிமை கேட்டுச் சிறைக்குப் போன பெண்களைச் சொன்னேன். நம் ஊரிலேயே சில தெருக்களில் சிலர் நடக்கக் கூடாது என்று இருந்ததைச் சொன்னேன். ஆண்கள் எல்லோரும் சுதந்திரமாகப் பிறந்தவர்கள் என்று உலக நாடுகளின் சபையில் எழுத இருந்ததை மனிதர்கள் எல்லோரும் என்று மாற்ற வைத்தவர், நம் நாட்டிலிருந்து அந்தச் சபைக்குப் போன ஒரு பெண் என்று சொன்னேன். ஒவ்வொரு காலத்திலும் மறுத்தவர்களுக்கு ஒரு காரணம் கைவசம் இருந்தது, பின்னால் வந்தவர்கள் அந்தக் காரணத்தைப் படித்துவிட்டு வெட்கப்பட்டார்கள் என்று முடித்தேன்.

எல்லோரும் கை தட்டினார்கள்.

பொருளாளர் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, "என்ன சப்ஜெக்ட்டுப்பா?" என்று கேட்டார்.

"ஹிஸ்டரி சார்."

"நன்னாப் பேசறே. ஐ.ஏ.எஸ். எழுது."

செக்ரட்டரி கையிலிருந்த தாளைப் பார்த்தார். "ரொம்ப சந்தோஷம். யோசிக்க வேண்டிய விஷயம். அடுத்தது, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி."

"இந்த விஷயம் முடியலையே," என்றார் மாமி.

"முடியலைன்னா எப்படி? செய்யணும்னு எல்லாருக்கும்தான் இருக்கு. எடம் வேண்டாமா?"

"எடம் இருக்கு சார்," என்றேன். "மோட்டார் ரூமுக்குப் பக்கத்துல."

செக்ரட்டரி கண்ணாடியைக் கழற்றினார். அவர் குரலில் கோபம் இல்லை, உண்மையாகவே திடுக்கிட்டிருந்தார். "அது சுவாமி இருக்கற எடம்ப்பா."

"டெக்னிக்கலா அது டாய்லெட் சார். பிளான்ல அப்படித்தான் இருக்கு," என்றார் லேப்டாப் இளைஞர், தலையைத் தூக்காமல்.

"பிளான்ல என்ன வேணா இருக்கட்டும். பிள்ளையார் அத்தனை வருஷமா அங்கே இருக்கார். அவரை எடுத்துட்டு அங்கே போய்..." அவரால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியவில்லை. "தோஷம் இல்லையா? நாளைக்கு யாராத்துலயாவது ஒண்ணு ஆச்சுன்னா?"

இது வெறும் சாக்கு என்று அப்போது நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் தலையசைத்தார்கள். கடைசியில் பொருளாளர்தான், சாஸ்திரிகளையே கேட்டுவிடலாம் என்று போனை எடுத்தார். காது கேட்காததால் அவர் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். எல்லாருக்கும் கேட்டது.

"பொம்மைப் பிள்ளையார்தானே? பிரதிஷ்டை ஏதும் பண்ணலையே?"

"இல்லை. கொலுவுக்கு வைக்கறது."

"அப்போ தாராளமா எடுக்கலாம். எங்கே வேணா வைங்கோ. அந்த எடத்துல என்ன கட்டப்போறேள்?"

"கட்டலை. அது முன்னாடியே டாய்லெட்தான். பழையபடி ஆக்கறதுக்குத்தான்..."

போனில் சாஸ்திரிகளின் குரல் உயர்ந்தது. "ஓய், அப்போ இத்தனை வருஷமா பிள்ளையாரைக் கொண்டுபோய் கக்கூஸ்லயா வச்சிருந்தேள்?"

லேப்டாப் இளைஞர் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. வாட்ச்மேன் கேட்டுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். செக்ரட்டரி மட்டும் சிரிக்கவில்லை. "யாரும் உபயோகப்படுத்தாத எடம்னுதான்..." என்றார் மெதுவாக.

மாமி எழுந்தார். அவர் கூட்டங்களில் எழுந்து பேசுகிறவர் இல்லை என்பது மற்றவர்கள் திரும்பிப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது.

"மயிலாப்பூர்ல எங்காத்துல, எங்கம்மா மாசத்துல மூணு நாள் கொல்லைல மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்துல இருப்பா. மழை பெஞ்சாலும் அங்கேதான். தட்டைத் தள்ளி வைப்பா, நாங்க சாதத்தைத் தூக்கிப் போடுவோம். எனக்கு ஆறு வயசு, ஏழு வயசு. அம்மாவைத் தொட்டா தீட்டுன்னு எனக்கும் நன்னாத் தெரியும். ஒருநாள் ஜுரத்துல கூப்பிட்டா. நான் போகலை. அப்பா நல்லவர். பாட்டி நல்லவ. யாரும் கொடுமைக்காரா இல்லை. வழக்கம், அவ்வளவுதான். என் பொண்ணுகிட்ட இதைச் சொன்னா கதை விடறேன்னு நினைக்கறா." என்னைக் காட்டினார். "இவன் அம்மா எங்காத்துல பத்து வருஷமா வேலை செய்யறா. அவளுக்குக் கிட்னி போகப்போறதுன்னு டாக்டர் சொல்லியிருக்கா. பிள்ளையாரை எங்காத்துல வச்சுக்கறேன். பொம்மைப் பெட்டியை ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கோங்கோ."

எவரும் கை தட்டவில்லை. தீர்மானம் ஆகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கொலுப் படிகள் மாடிக்குப் போயின. பிளம்பர் வந்து குழாயும் தொட்டியும் சரி செய்தார். விளக்கு போட்டார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். ஒரு வாளி, ஒரு மக். அறையைக் கழுவியது அம்மாவும் அந்த அக்காவும்தான். வெளியாட்கள் நுழைந்துவிடக் கூடாது என்று செக்ரட்டரி கதவுக்கு நல்ல பூட்டு ஒன்று வாங்கி மாட்டி, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்தார். நான் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

புரட்டாசி பிறந்தது. கொலுவுக்கு ஏற்பாடு செய்யும்போது செக்ரட்டரி அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி போட்டார். மாமி போனை என்னிடம் காட்டினார். வேலைக்காரப் பெண்களுக்காகத் திறந்துவிட்ட அறையை அவர்கள் உபயோகிப்பதாகத் தெரியவில்லை, சாவி ஒருநாளும் கேட்கப்படவில்லை என்று வாட்ச்மேன் சொல்கிறார், ஆகவே கொலு முடிந்ததும் சாமான்களைப் பழையபடி அங்கேயே வைத்துவிடலாம், எல்லோரும் சம்மதம் தெரிவிக்கவும். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. உரிமையைக் கொடுத்தோம், அவர்களுக்கே வேண்டாம் போலிருக்கிறது என்று எழுதி வைத்தவர்களைப் புத்தகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். இதை இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. அன்று இரவு அம்மாவைக் கேட்டேன். கொஞ்சம் கடுமையாகவே கேட்டிருப்பேன்.

"இன்னும் தண்ணி குடிக்கிறதில்லியா நீ?"

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ஒவ்வொரு வாட்டியும் அந்தாள்கிட்ட போய் கைய நீட்டி, ஒண்ணுக்குப் போவணும் சாவி குடுன்னு கேக்கணும். டிரைவருங்க நாலு பேரு அங்கியே குந்திக்கினு இருப்பானுங்க. போனா மணிய பாப்பானுங்க. அதக்கூட பொறுத்துக்கலாம் நைனா. உள்ள தாப்பா இல்ல."

"இன்னாது?"

"தாப்பா. சாமான் வெக்கிற ரூமுக்கு உள்ள எதுக்குத் தாப்பான்னு எப்பவோ கழட்டிட்டாங்கோ. வெளில பூட்டு கீது, உள்ள ஒண்ணும் இல்ல. ஒரு நாளு அக்கா கதவாண்ட நின்னுது, நான் போனேன். அதுக்கு வேல இல்லியா? தெனம் வந்து நிக்குமா?"

இதை மாமியும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

கூட்டம் போடச் சொல்லலாம், நான் பேசுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். மறுநாள் எனக்குக் கல்லூரி இல்லை. அவளோடு நானும் போனேன். செக்ரட்டரி பேப்பரைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு லிஃப்ட்டுக்குக் காத்திருந்தார். அம்மா போய் அவர் முன்னால் நின்றாள். துடைப்பக்கட்டை கையில் இருந்தது. அதைச் சுவரில் சாய்த்து வைத்தாள். முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"சார், அந்த ரூமை மூடிட வாணாம்."

"நீங்க யாரும் போறதில்லையேம்மா."

"உள்ள தாப்பா இல்ல சார்."

அவருக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

"கதவ சாத்த முடியாம எப்டி சார் போறது? பொம்பளைங்க." அம்மா நிறுத்தவில்லை. "பூட்டு வாணாம் சார். சாவி வாணாம். உள்ள ஒரு தாப்பா போட்டா போதும். எனக்குக் கிட்னி பூடும்னு சொல்லிக்கீறாங்க. வேல செய்யணும் சார் நான், இவன் படிக்கிறான்."

லிஃப்ட் வந்து திறந்து, யாரும் ஏறாமல் மூடிக்கொண்டது. செக்ரட்டரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"யாரும் கேக்கலியே சார்."

அவர் தலையை ஆட்டினார். மேலே போகவில்லை. அப்படியே தெருமுனை ஹார்ட்வேர் கடைக்கு அவரே போனார். திரும்பி வந்து, வாட்ச்மேனைக் கூப்பிட்டு ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வரச் சொன்னார். பூட்டைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தாழ்ப்பாளைக் கதவின் உட்பக்கம் வைத்து, "இவ்வளவு உயரம் போதுமா?" என்று அம்மாவைக் கேட்டார். இன்னும் கொஞ்சம் கீழே என்று அம்மா கையால் காட்டினாள். குட்டையான பெண் ஒருத்தி நாலாம் மாடிக்கு வருகிறாள், அவளுக்கும் எட்ட வேண்டும் என்றாள்.

மாட்டி முடித்ததும் அம்மா உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. நாங்கள் மூன்று ஆண்களும் யாரும் சொல்லாமலே அங்கிருந்து நகர்ந்து, கேட்டுப் பக்கம் போய்த் தெருவைப் பார்த்து நின்றோம்.

மறுபரிசோதனைக்கு அடுத்த மாதம் போக வேண்டும். என்ன சொல்வார்களோ தெரியாது. பாதிப்பு எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும் என்றார் டாக்டர். இப்போதெல்லாம் அம்மா காலையில் பஸ் ஏறும் முன் ஒரு சொம்பு தண்ணீர் குடிக்கிறாள். மாமி கொடுக்கும் காபியை முழுக்கக் குடிக்கிறாள். அந்தத் தம்ளர் இன்னும் ஃபிரிட்ஜுக்கு மேல்தான் இருக்கிறது.

மாதக் கடைசியில் பொருளாளர் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் செலவுக் கணக்கு ஒட்டினார். பிளம்பர் கூலி, குழாய், விளக்கு, சுண்ணாம்பு, வாளி, மக், தாழ்ப்பாள், திருகாணி, இப்போது வேண்டாமல் போன பூட்டு, எல்லாம் சேர்த்து மூவாயிரத்து ஐந்நூற்று இருபது ரூபாய். பதினாறு வீடு. வீட்டுக்கு இருநூற்று இருபது.